காலை மடக்க ஒரு கதை

சீவரத்தினத்தாரின் முழங்காலுக்கு மருந்தைவிடக் கதைதான் கூடுதலாக வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து, போட்ட கட்டைப் பிரித்த பிறகு, தினமும் பின்னேரம் காலை மடக்கி நீட்டாவிட்டால் அது அப்படியே விறைத்துவிடும் என்று ஆசுபத்திரியில் சொல்லியிருந்தார்கள். நோவு தாங்காமல் வீட்டையே திட்டித் தீர்ப்பார். மனைவி கமலாவதி பக்கத்தில் இருந்து வாசித்தால் மட்டும் நோவை மறந்து மடக்குவார். கதை சப்பென்று போனால் காலும் நின்றுவிடும்.

"நிப்பாட்டும். மழை பெய்யுது, அவள் யன்னலாலை பாக்கிறாள். மூண்டு பக்கமா அதையே பாத்துக்கொண்டு நிக்கிறாள். என்ரை கால் என்னத்துக்கு மடங்க வேணும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அடுத்த பக்கத்தில் ராசிக்கல், அதற்கடுத்ததில் நடிகையின் கலியாணச் சேலை. கமலாவதி அந்த வாரச் சஞ்சிகையை மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். முதல் புத்தகக் கடையில் நின்ற பையனிடம் கேட்டாள்.

"தம்பி, சந்தோசமா வாசிக்க ஏதும் இருக்கோ? நல்லா எழுதினதா."

"ராசிபலன் இருக்கு அன்ரி."

"வேண்டாம்."

"சமையல்?"

"அவர் காலை மடக்க வேணும் தம்பி, கறி வைக்க இல்லை."

"அப்ப சோதனை வினாத்தாள் தரட்டோ?"

அடுத்த கடையில் ஒரு இலக்கிய இதழ் கிடைத்தது. முதல் வசனம் முடிவதற்குள் அவளுக்கே மூச்சு வாங்கியது. இன்னொரு கடையில் புத்தகம் இருந்த தட்டில் போன் உறைகள் தொங்கின. வெயிலில் அலைந்து வெறுங்கையோடு தன் ஊரான இணுவிலில் இறங்கியபோது அழுகை வரப் பார்த்தது. கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"முருகா, உன்னட்டை இதைக் கேக்க வெக்கமாக் கிடக்கு. நல்லா எழுதின நாலு பக்கம் காட்டு."

ஒழுங்கைக்குள் ஒரு வீட்டில், இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சாப்பிட்டு வெளிக்கிட்டவர்களின் கையில் கல்வெட்டு இருந்தது. இறந்தவரின் வாழ்க்கையை எழுதி, வந்தவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். படலையடியில் ஒரு பெரியவர் அதை வாசித்துக் குலுங்கிச் சிரித்தார். கல்வெட்டை வாசித்துச் சிரித்த ஒருவரை அவள் அதுவரை கண்டதில்லை.

"என்ன ஐயா?"

"மார்க்கண்டு புதுச் சைக்கிளிலை சேறு பட்டிடும் எண்டு, மழைக்குள்ளை அதைத் தோளிலை காவிக்கொண்டு வந்தவன்! நான் கண்ணாலை கண்டனான்."

கூப்பிடாத வீட்டுக்குள் போகக் கால் கூசியது. ஆனால் வீட்டில் ஒரு கால் விறைத்துக்கொண்டு வருகிறதே. போனாள்.

"வாங்கோ அம்மா, சாப்பிடுங்கோ." அழுது வீங்கிய கண்ணோடு மகள் சாருஜா வரவேற்றாள். "அப்பாவை எப்பிடித் தெரியும்?"

நாக்கு நுனியில் ஒரு பொய் வந்து நின்றது. துயர வீட்டில் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை. முழங்கால், மழை பார்த்த பெண், வினாத்தாள், படலையடிச் சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னாள்.

சாருஜா பக்கத்தில் வந்து இருந்தாள். "நான் எழுதினது அம்மா. கல்வெட்டிலை பகிடி எழுதலாமோ எண்டு பெரியப்பா காலமை ஏசினவர்." உள்ளே போய் ஒரு புத்தகத்தோடு வடைப் பொதியும் கொண்டு வந்தாள். பின்னட்டையில் தன் போன் நம்பரை எழுதினாள். "ஐயாவின்ரை கால் என்ன சொல்லுது எண்டு சொல்லுங்கோ."

பின்னேரம் கமலாவதி வாசிக்க, சைக்கிள் மார்க்கண்டுவின் தோளில் ஏற, சீவரத்தினத்தாரின் முழங்காலும் மேலே ஏறியது. வெள்ளத்துக்குள் மார்க்கண்டு தடக்கியபோது இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பிறகு?"

"பிறகு நன்றி நவிலல்."

"சீ! இவ்வளவுதானோ? நல்லா எழுதிற ஒரு பிள்ளை, அதுக்கும் ஒரே ஒரு தகப்பன்தானே, இனி ஆருக்குக் கல்வெட்டு எழுதும்?" கால் பொத்தென்று கட்டிலில் விழுந்தது.

கமலாவதி போனை எடுத்தாள். "பிள்ளை, கால் அரைவாசி மடங்கினது. மிச்சத்துக்குக் கதை காணாது."

அந்தப் பக்கம் முதலில் சிரிப்புக் கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "அந்தச் சைக்கிளைக் களவு குடுத்த கதையும் எழுதினனான் அம்மா. பெரியப்பா வெட்டிப்போட்டார். நாளைக்குப் பின்னேரம் கொண்டு வரட்டோ?"

"கொண்டு வாங்கோ பிள்ளை. வடையிலை ஐயா ஒண்டும் மிச்சம் விடேல்லை."

சீவரத்தினத்தார் தலையை நிமிர்த்தினார். "களவு போனதோ? ஆர் எடுத்தது?"

"நாளைக்கு."

"கேட்டுச் சொல்லுமன்!"

அவள் அதற்குள் போனை வைத்துவிட்டாள். அவர் புறுபுறுத்தபடியே, யாரும் வாசிக்காமல், காலை மெல்ல மடக்கிப் பார்த்தார்.