திரைக்கு வைத்த பொட்டு

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க லா. புதுத் திரையில மொதக் கோட்ட எங்க வீட்டுல ரமணி போடட்டும். நீங்க பின்னால நின்னு பாத்துக்குங்க."

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பரஞ்சோதி போனில் பேசப் பேச, பிரேமாவதியின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி சேலையின் மேலேயே நின்றுவிட்டது. கருகல் வாடை வந்த பிறகுதான் தூக்கினாள்.

"நாளையிலேர்ந்து அந்தத் திரையில பாடம் நடத்தப்போறது நாந்தானே, அண்ணே?"

"நாளைக்கு நடத்துங்க, யாரு வேணாங்கறா? இன்னிக்கு நல்ல காரியம். சுமங்கலிதான் தொடங்கணும்னு பெத்தவங்க சொல்றாங்க. நான் என்னா பண்றது?"

அந்தத் தொடுதிரை அவள் கணவன் புவனேசனின் ஆசை. மலேசியாவில், பாடாங் செராய்ப் பக்கம் ஒரே தமிழ்ப்பள்ளியில் இருவரும் ஆசிரியர்கள். பிள்ளைகள் தட்டைக்கணினியில் வரைவதெல்லாம் வகுப்புத் திரையில் ஒன்றாக வந்து சேரும்படி ஒரு பகிர்பலகையை அவன் அமைத்து வைத்திருந்தான். வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைகூடப் படம் போட்டுப் பேசிவிடும் என்பான். சுங்கைப் பட்டாணி நகரக் கடையில் திரைக்குச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பியபோது லாரி மோதியது. திரை மட்டும் வந்து சேர்ந்தது.

கருமாதியன்று உறவுக்காரப் பெண்கள் அவள் நெற்றிப் பொட்டை அழித்தார்கள். அது கல்யாணத்தோடு வந்த பொட்டு அல்ல; கைக்குழந்தையிலேயே அம்மா வைத்துப் பழக்கியது. அதைச் சொல்லிப் பார்த்தாள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தார்கள்.

வகுப்பறை நிறையக் கூட்டம்; முன்வரிசையில் தட்டைக்கணினிகளோடு பிள்ளைகள். ரமணி பட்டுச்சேலையில் முன்னே வந்தாள். புதுக் காருக்கு வைப்பதுபோல, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துத் திரையின் கண்ணாடியில் மூன்று இடத்தில் அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். பிறகு விரலால் பிள்ளையார் சுழி போட்டாள். ஒன்றும் விழவில்லை. அழுத்திப் போட்டாள். அப்போதும் இல்லை.

"அதுக்குள்ள ரோசாக்கா?" என்றார் ஒருவர். ரிப்பேரா என்று கேட்ட அவருக்கு, "சாமி எறங்கிருச்சு லா, கும்பிட்டுட்டுக் கெளம்புவோம்" என்று பதில் வந்தது. சிரித்தார்கள்.

பின்சுவரோரம் நின்ற பிரேமாவதிக்குப் பார்த்ததுமே புரிந்தது. சந்தனக் கட்டிகளை மூன்று விரல்கள் என்று எண்ணிக்கொண்டு, திரை வேறு விரலை ஏற்க மறுக்கிறது.

"சந்தனத்தத் தொடைச்சாப் போதும்," என்றாள்.

ரமணி கையை இழுத்துக்கொண்டாள். "வச்ச குங்குமத்த நான் எப்புடி அழிக்கறது? எங்க வீட்டுக்காரரு முழுசா நிக்கிறாரே!"

மற்ற பெண்களும் தரையைப் பார்த்தார்கள். பரஞ்சோதி தொண்டையைச் செருமினார். "டீச்சர்... நீங்களே தொடைச்சி விட்டுருங்களேன். ஒங்களுக்குத்தான்..."

ஒரு துணியை அவள் பக்கம் நீட்டினார்.

கூட்டம் வழிவிட்டது. பிரேமாவதி முன்னே போனாள். முதல் பொட்டைத் தொட்டாள். தன் நெற்றியில் அன்று பட்ட விரல்களின் ஈரம் நினைவுக்கு வந்தது. மூன்றையும் துடைத்தாள்.

திரைக்கு உயிர் வந்தது. பிள்ளைகள் அனுப்பிக் காத்திருந்த படங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒரு கோயில், ஒரு செம்பனை மரம், வால் நீண்ட பூனை. அப்புறம் மாணவி ரூபினியின் படம். திரைக்கு முன்னால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பெண்ணின் நெற்றியில் முகத்தில் பாதியளவுக்குச் சிவப்புப் பொட்டு. கீழே, 'புவனேசன் சார், பிரேமா டீச்சர்.'

ரமணிதான் மெல்லச் சொன்னாள்: "அந்தப் பொட்ட அழிச்சிருங்க டீச்சர். நல்லால்ல."

"என்னால முடியாதுக்கா. ஒருத்தவங்க போட்டத இன்னொருத்தவங்க அழிக்க முடியாதபடி வச்சிட்டுப் போயிருக்காரு, எங்க வீட்டுக்காரரு."

பரஞ்சோதி குனிந்தார். "ரூபினி, நீ அழிச்சிரும்மா."

ரூபினி டீச்சரைப் பார்த்தாள். தட்டைக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள்.

பிரேமாவதி துணியை மடித்து மேசைமேல் வைத்தாள். விரல்நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தை மட்டும் துடைக்கவில்லை.

"சரி, பாடத்த ஆரம்பிக்கலாம்," என்று அந்த விரலாலேயே முதல் கோட்டைப் போட்டாள்.