மேலாளரின் போஸ்டர்

பழைய அச்சகத்தில் மேலாளர் தன் பிழையை அவள் தலையில் கட்டி, எல்லார் முன்னாலும் திட்டி, வேலையைவிட்டுத் துரத்தினார். மூன்று வருடம் கழித்து, அவள் அச்சுக்கான பிளேட் தயாரிக்கும் புதிய அச்சகத்துக்கே தன் சங்கத் தேர்தல் போஸ்டரை அச்சடிக்க வந்தார். ‘அனைவரையும் மதிப்பவர்’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘மிதிப்பவர்’ என்றிருந்ததை அவள் உடனே கவனித்தாள்.

“படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க சார்.”

“நானே டைப் பண்ணது. எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று கையெழுத்திட்டார்.

அவள் அதை அப்படியே பிளேட் போட்டாள்.

போஸ்டர் ஒட்டிய அன்றே ஊர் சிரித்தது. கொதித்துப்போய் வந்த மேலாளரிடம் அச்சக முதலாளி அந்தக் கையெழுத்தைக் காட்டினார். மேலாளர் அவள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு முன்னாடியே தெரியும்தானே?”

“பார்த்தவுடனே தெரிஞ்சுது சார்.”

மூன்று வருடமாக எரிந்த வயிறு அன்றுதான் குளிர்ந்தது.