பிறந்த குழந்தைக்குப் பழைய துணி

நான் கோபக்காரி. நர்ஸாக இருந்த காலத்திலேயே எனக்கு அந்தப் பெயர் உண்டு. நிவாரண வேலைக்கு வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது என்று என் வீட்டுக்காரர் எபினேசர் சொல்வார். பாதிக் கோபம் தப்பான ஆள் மேல்தான் போய் விழும் என்பதும் அவர் கண்டுபிடிப்புதான். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை தில்லி மயூர் விஹாரில் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்களும் அதையேதான் சொல்வீர்கள்.

போர் நடக்கும் ஊர்களுக்குப் பொருள் சேர்த்து அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தின் தில்லி அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்த மாதம் சிரியாவின் வடக்கே மறுபடி சண்டை மூண்டிருந்தது. குர்து மக்கள் கூட்டம் கூட்டமாக வீடு வாசலை விட்டுக் கிளம்பிப் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்த எங்கள் ஆட்கள் நூற்றெண்பது பைகள் கேட்டிருந்தார்கள், பிறந்த குழந்தைகளுக்கு. பைக்கு ஒரு கம்பளி, ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், சோப்பு, பிறகு குழந்தையைச் சுற்றிவைக்க ஆறு ஃபிளானல் துணி. புதன்கிழமை பகலில் சரக்கு ஏஜென்ட் வண்டியோடு வந்துவிடுவார். அந்த விமானத்தை விட்டால் அடுத்ததற்கு இரண்டு வாரம். அந்தக் குளிரில் பச்சைக் குழந்தைக்கு இரண்டு வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று, பிரசவ வார்டில் பதினாறு வருஷம் இருந்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

பைகளைக் கட்ட ஆள் வேண்டுமே. எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் ராஜம் மாமியிடம் போய் நின்றேன். மாமிக்கு அறுபத்தாறு வயது. தில்லிக்கு வந்து நாற்பது வருஷமாகியும் பேச்சில் தஞ்சாவூர் கொஞ்சமும் குறையவில்லை. நாள் பார்க்காமல் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் கூட வாங்கமாட்டார். ஒரு வேலையை எடுத்தால் விடமாட்டார், கூட இருப்பவர்களையும் விடமாட்டார். ஃபிளானல் கட்டுகளையும் மற்ற சாமான்களையும் சொசைட்டி ஹாலில் இறக்கிவிட்டு, நான் ஐந்து நாள் சுங்கத்துறைக் காகிதங்களோடு அலைந்துகொண்டிருந்தேன். மாமியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் தினமும் உட்கார்ந்து கட்டுகிறார்கள் என்று மட்டும் தெரியும். நிம்மதியாக இருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு ஹாலுக்குப் போனேன். நூற்றெண்பது பைகளும் சுவர் ஓரமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தன. மாமி ஹீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 'எல்லாப் பொருளும் புதியது' என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள் என் கைப்பையில் இருந்தது. பழக்கதோஷத்தில் ஒரு பையை உருவித் திறந்தேன். கம்பளி, ஸ்வெட்டர், குல்லா எல்லாம் இருந்தன. அடியில் ஃபிளானலுக்குப் பதிலாக ஆறு பழைய வேஷ்டித் துண்டுகள் இருந்தன.

இன்னொன்றைத் திறந்தேன். அதில் வெளுத்துப்போன ஒரு சுங்குடிப் புடவை, சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து, இஸ்திரி போட்டு மடிக்கப்பட்டிருந்தது. நான் கொண்டுவந்து இறக்கிய ஃபிளானல் கட்டுகள் டேபிள் டென்னிஸ் மேஜைக்கு அடியில், கயிறு கூட அவிழ்க்காமல் கிடந்தன.

மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமையாகவே விளக்கினார். மூன்று பிளாக்குகளில் இருக்கும் அத்தனை தமிழ் வீடுகளிலும் கேட்டு வாங்கியதாம். எல்லாம் பத்து வருஷம் துவைத்து மெத்தென்று ஆன துணியாம். வெந்நீரில் இரண்டு முறை கொதிக்கவைத்து, இந்த அழுமூஞ்சி வெயிலில் இரண்டு நாள் மொட்டைமாடியில் உலர்த்தினார்களாம். மாமியின் கணவர் சேஷு மாமாவுக்குக் கட்டிக்கொள்ள இப்போது மூன்றே வேஷ்டிதான் மிச்சமாம்.

"பொறந்த கொழந்தைக்குப் புதுத்துணி போடுவாளா யாராவது? ஒடம்பெல்லாம் கீறிடும். அந்த ஃபிளானலை நீ கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடு" என்றார்.

எனக்குத் தெரியாத வழக்கமா? என் பிள்ளைகள் இரண்டு பேரையும் நாகர்கோவிலில் என் அப்பாவின் பழைய வேட்டியில்தான் சுற்றினார்கள். ஆனால் பத்து வருஷமாக நான் பார்க்கும் வேலையில் பழைய துணி என்றால் வேறு. எல்லையில் ஒரு பையைத் திறந்து அதில் உடுத்திய துணி இருப்பதைப் பார்த்தால் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவார்கள். பூச்சி, கிருமி போகப் புகை போட்ட சான்றிதழ் எங்கே என்பார்கள். நூற்றெண்பது கம்பளியும் ஏதாவது கிடங்கில் கிடக்கும், குழந்தைகள் குளிரில் கிடக்கும். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

"அகதின்னா கந்தலைக் குடுத்தாப் போதும்னு நெனைச்சிட்டீங்களா மாமி?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். அதோடு விட்டேனா, இல்லை. வீட்டில் இடத்தை அடைக்கிற துணியைத் தள்ளிவிட இதுதான் சாக்கா என்றும் கேட்டேன். கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்த அனந்தலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள். சேஷு மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டார். மாமி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்கிப் பழக்கமில்லாத முகம்.

அப்போதுதான் வாசலில் ஹெவின் நிற்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ஹெவின் சிரியாவிலிருந்து படிக்க வந்த குர்துப் பெண், இருபத்தெட்டு வயது. படிப்பு முடிந்ததும் திரும்பிப் போக ஊர் இல்லாமல், தில்லி ஆஸ்பத்திரிகளுக்கு வரும் ஈராக் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். பைகளின் மேல் ஒட்ட அவர்கள் மொழியில் லேபிள் எழுதித் தருவதற்காக வரச் சொல்லியிருந்தேன். அவள் குடும்பமும் இந்த முறை அலெப்போவிலிருந்து ஓடிய குடும்பம்தான். அப்படி ஓடியது அவர்களுக்கு மூன்றாவது முறை. நிறைமாதமாக இருந்த தங்கை ரோஷினும் அம்மாவும் எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள்.

அவள் மேஜை மேலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். திரும்ப வைத்துவிட்டுக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். இது தவறாக வந்துவிட்டது, எடுத்துவிடுவோம் என்று நான் அவசரமாக ஆங்கிலத்தில் சொன்னேன். முதல் தடவை ஓடியபோது லாரியில் மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்ததை அவள் சொன்னாள். ஒரு மூட்டையில் குதிகால் உயர்ந்த செருப்பு, ஒற்றைக் கால் மட்டும் இருந்ததாம். ஒரு கோட்டுப் பையில் யாரோ மூக்கைத் துடைத்த காகிதம். அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தவர்தான், பிறகு எந்த வரிசையிலும் நிற்கவில்லையாம்.

ஹெவினுக்கு ஆங்கிலமும் ஆஸ்பத்திரி ஹிந்தியும் தெரியும். மாமிக்குக் காய்கறிக்காரனோடு சண்டை போடுகிற ஹிந்தி தெரியும். இரண்டும் சந்திக்கிற இடம் ரொம்பக் குறைவு. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று மாமி என்னைக் கேட்டார். மறைத்திருக்கலாம். கோபம் இன்னும் தீராததால் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

மாமி எழுந்து போய் மேஜைக்கு அடியிலிருந்த ஃபிளானல் கட்டைத் தானே இழுத்தார், இடுப்பு வலியோடு. கயிற்றை அறுத்தார். "ஜல்தி பண்ணுங்கோ, நாழியாயிடுத்து" என்று மட்டும் மற்றவர்களிடம் சொன்னார்.

நாலு மணி நேரம் அந்த ஹாலில் கத்தரிக்கோல் சத்தமும் பை ஜிப்பின் சத்தமும்தான். ஃபிளானலைச் சதுரமாக வெட்டுவது, பையைத் திறப்பது, பழையதை எடுப்பது, புதியதை வைப்பது, மூடுவது. ஹெவின் ஒரு மூலையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டினாள். எடுத்த பழைய துண்டுகளை யாரும் தரையில் போட மாமி விடவில்லை. ஒரு பெட்ஷீட்டை விரித்து அதன் மேல் அடுக்கவைத்தார். அந்த அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம் ஓரம் அடித்திருந்தார்கள்.

ஆறு மணிக்குக் கடைசிப் பையை மூடினோம். எல்லாம் புதியது. தாளில் கையெழுத்துப் போட்டேன். இனி விமானம் தவறாது. சந்தோஷப்பட வேண்டிய நேரம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்போது ஹெவினின் போனில் அடுத்தடுத்து மூன்று குரல் செய்திகள் வந்தன. இரண்டு நாளாக நெட்வொர்க் இல்லாமல் இருந்து மொத்தமாக வந்து விழுந்திருந்தன. அவள் காதில் வைத்துக் கேட்டாள். கேட்டபடியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் ஓடினேன். இந்த மாதிரிப் போன்கள் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

நான் பயந்தது நடக்கவில்லை. ரோஷினுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம். பால் குடிக்கிறது. பிறகு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். ரோஷின் அழுகிறாள், அதனால்தான் என்றாள். குழந்தைக்கென்று ஐந்து மாதமாக ஒவ்வொன்றாக வாங்கி, துவைத்து, மடித்து, வீட்டில் ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தாளாம். ஒன்றைக்கூட எடுக்க நேரமில்லை. குழந்தை பிறந்ததும் சுற்ற ஒன்றும் இல்லாமல், இவர்கள் அம்மா, தன் மேலிருந்த பழைய அங்கியின் கீழ்ப்பாதியைக் கிழித்துச் சுற்றினார். மூன்று நாளாக அந்தத் துணியிலேயே கிடக்கிறது. என் மகள் பிச்சைக்காரி மாதிரி உலகத்துக்கு வந்தாள் என்று ரோஷின் சொல்லிச் சொல்லி அழுகிறாளாம். பசியையும் குளிரையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாமி என் தோளைத் தொட்டார். என்னவென்று சொன்னேன். இந்த முறை மெதுவாகச் சொன்னேன்.

"எல்லாரும் அப்படித்தான் பண்ணுவான்னு சொல்லு அவகிட்ட" என்றார் மாமி. "இல்லாதவா மட்டும் இல்லே, இருக்கப்பட்டவாளும்தான். என் பிள்ளை பொறந்தப்போ பீரோ நெறையப் புதுசு இருந்தது. ஒண்ணைத் தொட விடலை. பெரியவா கட்டின துணியிலதான் சுத்தினா. பாட்டி உடுத்திண்டிருந்த துணி, அந்தச் சூட்டோட கெடைச்சிருக்கு. அதைவிட என்ன வேணும் அந்தக் கொழந்தைக்கு?"

நான் சொன்னேன். ஹெவின் அழுகையை நிறுத்திவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். இது நிஜமா, இல்லை ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்றாள். நிஜம்தான், என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்றேன். அவள் பார்வை பெட்ஷீட் மேல் அடுக்கியிருந்த துணிக்குப் போய்த் திரும்பியது.

"அப்படியென்றால் அவரை ஏன் திட்டினாய்?" என்று கேட்டாள்.

விதி என்று ஒன்று இருக்கிறது, அது உன் அம்மா பார்த்த மூட்டையால் வந்த விதி, அதுவும் நியாயம்தான் என்று என்னவோ உளறினேன். வெட்கமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திரும்ப எடுக்க வேண்டும். "கந்தல்னு சொன்னது தப்பு மாமி" என்றேன். மாமி அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. முதலில் அந்தப் பெண்ணுக்குப் போன் போடச் சொல்லு என்றார்.

நாலாவது முயற்சியில் வீடியோ கிடைத்தது. படம் விட்டுவிட்டு வந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண், பின்னால் கரும்பலகை, மடியில் பூப்போட்ட நீலத்துணிச் சுருள். ஹெவின் வேகமாகப் பேசினாள். மாமியைக் காட்டினாள். பிறகு எழுந்து போய் அந்த அடுக்கிலிருந்து ஒரு வேஷ்டித் துண்டைத் தானே எடுத்து, விரித்து, போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். ரோஷின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ கேட்டாள். எத்தனை நாள் பழைய துணியில் வைப்பீர்கள் என்று கேட்கிறாளாம்.

"பதினோராம் நாள் வரைக்கும். அன்னிக்குப் பேர் வெச்சு, புதுசு போடறது" என்றார் மாமி.

ஹெவின் அதைச் சொன்னாள். ரோஷின் விரல் விட்டு எண்ணுவது தெரிந்தது. பிறகு ஹெவின் என் பக்கம் திரும்பி, இந்தப் பைகள் அதற்குள் போய்ச் சேருமா என்று கேட்டாள். ஈராக்கில் எர்பில் வரை விமானம். அங்கிருந்து லாரி, பிறகு எல்லையில் ஒரு நதி, பிறகு யார் கையில் எந்தச் சோதனைச்சாவடி இருக்கிறதோ அத்தனையும். போன தடவை எட்டு நாளில் போனது. அதற்கு முந்தின தடவை இருபத்து மூன்று. சேரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகங்கள் இரண்டையும் பார்த்த பிறகு பொய் வரவில்லை. தெரியாது என்றேன்.

அதை ஹெவின் தங்கையிடம் சொல்லவில்லை. சொல்லாமலே ரோஷினுக்குப் புரிந்துவிட்டது.

"என்னவாம்?" என்றார் மாமி. பதினோராம் நாளைக்குள் சேருமா என்று தெரியவில்லை என்றேன். நாளும் கிழமையும் தப்பினால் வீட்டையே இரண்டாக்கும் மாமி, போன் திரையில் அந்தச் சுருளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பை என்னிக்கு வரதோ அன்னிக்குத்தான் பதினோராம் நாள்னு சொல்லு" என்றார்.

அதையும் ஹெவின் சொன்னாள்.