கோணல் தையல்

துணியில் யானையும் முயலும் தைத்து விற்கும் கிறேஸிடம், அன்புவழிபுரத்து ஜெயந்தன் தன் மகளின் பழைய துணி முயலைக் கொண்டுவந்தான். வயிறு கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. "இதை ஒருக்கா தைச்சுத் தாங்கோ அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

கிறேஸுக்கு அந்த முயலைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு காது நீளம், மற்றது கட்டை, தையலெல்லாம் கோணல். பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று முழுவதையும் பிரித்து, புதுத் துணியில் வடிவாகத் தைத்தாள். பழைய துணியைப் பொடியாக வெட்டி, அப்போது தைத்துக்கொண்டிருந்த யானைகளுக்குள் அடைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஜெயந்தன் மகள் மெரிஷாவோடு வந்தான். பிள்ளை முயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்ரி, அம்மா தைச்சது எங்க?"

கிறேஸ் ஜெயந்தனைப் பார்த்தாள்.

"கடைசியா ஆஸ்பத்திரியில கிடக்கேக்க தைச்சவ," என்றான் அவன் மெதுவாக. "பிறகு உயிரோட வீட்டுக்கு வரேல்ல. நான் முதலே சொல்லியிருக்க வேணும்."

"நானெண்டாலும் கேட்டிருக்கலாம் தம்பி," என்றாள் கிறேஸ்.

யானைகள் முதல்நாளே துறைமுகத்தடிக் கடைக்குப் போயிருந்தன. அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, ஓட்டோ பிடித்து ஓடினாள். காலையில் வந்த வெள்ளைக்காரர் கூட்டமொன்று எல்லாவற்றையும் வாங்கிப் போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார்.

திரும்பி வந்தபோது மெரிஷா வாசற்படியில் நின்றாள்.

"கிடைக்கேல்ல பிள்ளை," என்றாள் கிறேஸ்.

பிள்ளை அழவில்லை. புது முயலைக் கிறேஸின் கையில் கொடுத்துவிட்டு, தகப்பனோடு நடந்து போனாள்.