வேலியில் ஒரு வழி

நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் கணவர் கெர்ட்டும் பக்கத்துத் தோட்டத்து லோதரும் சேர்ந்து, இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே இருந்த செடிவேலியை வெட்டி ஓட்டை போட்டுவிட்டார்கள். இருபது வருஷமாக நான் கத்தரித்து வளர்த்த வேலி! மேஜைமேல் பிளம் ஷ்னாப்ஸ் சாராயப் புட்டி பாதி காலி.

மறுநாள் காலையில் தோட்டச் சங்கத் தலைவர் குவான்ட் அளவு நாடாவும் புகார் நோட்டுமாக வந்துவிட்டார். வேலியின் உயரத்துக்கே சட்டம் வைத்திருக்கும் ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சங்கம் இது; ஓட்டைக்குக் கேட்கவா வேண்டும். ஆனால் குடித்துவிட்டுச் செய்யும் கிறுக்குத்தனத்துக்கு ‘ஷ்னாப்ஸ் யோசனை’ என்று இங்கே ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிவிட்டால் பாதித் தப்பு கழுவிப் போய்விடும்.

“ஷ்னாப்ஸ் யோசனைதானே? ரெண்டு செடி நட்டு அடைச்சிடுங்க, நான் எழுதிக்கல” என்றார் குவான்ட். கெர்ட் தலைவலியோடு தலையாட்டினார்.

எனக்கு வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. யோசனை யாருடையது? கெர்ட்டுக்கு நினைவில்லை. லோதரோ, மனைவி இங்கா இறந்ததிலிருந்து வாயே திறக்காதவர். மாதக் கடைசியில் குத்தகைத் தோட்டத்தைச் சங்கத்திடமே திருப்பி ஒப்படைக்கப்போகிறார், கடிதம்கூட எழுதிவிட்டார். விட்டுப் போகிற இடத்துக்கு எதற்கு வழி? போதாக்குறைக்கு, நேற்று நான் கழுவிய இரண்டு கிளாஸ்களில் ஒன்றில் ஆப்பிள் ஜூஸ் வாசம்தான் வந்தது.

“லோதர், நேத்து நீங்க குடிச்சீங்களா?” என்று ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

“இல்ல. ஈஸ்டர்லேர்ந்து டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு. கெர்ட்தான் குடிச்சான். யோசனை என்னோடது.”

குவான்ட் மூடிய நோட்டை மறுபடி திறந்தார். அப்படியானால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார், வருத்தமாகவே. லோதர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“இங்கா இருந்தப்ப வாசல் வழியா சுத்திக்கிட்டு வருவீங்க. இப்ப யாரும் வர்றதில்ல. கிட்டத்துல வழி இருந்தா வருவீங்களோன்னு நினைச்சேன். வந்தீங்கன்னா கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்னு.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஒதுங்கியிருந்தோம். அப்படித்தான் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். உண்மையில் அவரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் பயந்துகொண்டிருந்தோம்.

கொட்டகைக்குப் போய் ரம்பத்தை எடுத்து வந்து, வழியோரம் நீட்டிக்கொண்டிருந்த கிளையில் வைத்தேன். என்ன செய்கிறீர்கள் என்று குவான்ட் பதறினார்.

“காபித் தட்டோட நான் உள்ள போக இந்த அகலம் பத்தாது. என் பேரையும் சேர்த்து எழுதிக்கோங்க, தலைவரே. காலையிலேர்ந்து நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல.”