நாலாவது படி

"கையுறை போட்டாச்சா?" என்றாள் மனைவி, கட்டிலில் படுத்தபடி.

"போட்டாச்சு, போட்டாச்சு. ஆரம்பி."

"நான் எதை ஆரம்பிக்கறது? செய்முறைத் தாளைப் படிச்சு நீங்களே பண்ணுங்க. ஒவ்வொரு பிள்ளை பக்கத்துலயும் நான் போய் உக்காந்துட்டிருப்பேனா?"

படுத்த படுக்கையாகி மூன்று வாரம் ஆகிறது. வாய் மட்டும் படுக்கவில்லை.

பள்ளிக்கூடங்களில் கார்னிவல் என்கிற வேடத் திருவிழா வந்தால் பிள்ளைகள் தாங்களே வெட்டி ஒட்டிப் போட்டுக்கொள்கிற இறக்கை, வால், மூக்கு எல்லாவற்றுக்கும் முதல் மாதிரி செய்வது அவள் வேலை. அந்த மாதிரியைச் செய்து பார்த்துச் சொதப்புவது அவன் வேலை. பேருந்து ஓட்டி ஓட்டிக் காய்ப்புக் காய்த்த கைக்கு அவள் வைத்த பெயர் மரக்கை. அது போதாதென்று தோட்ட வேலைக்கான தடித்த கையுறையை வேறு மாட்டிவிடுவாள். "இவருக்கு வந்துட்டா எந்தப் பிள்ளைக்கும் வந்துடும்" என்று டீச்சர்களிடம் அவன் முன்னாலேயே சொல்வாள். பதினோரு வருஷமாக அவன் எங்கே தடுமாறுகிறானோ அந்த இடத்தைத் திருத்தித் திருத்தித்தான் எல்லாம் தேறியது. அவனுக்கு இதில் கோபமே வந்ததில்லை. ஒருத்தன் சொதப்புவதை இவ்வளவு ஆசையாய்ப் பார்க்க உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த முறை பறவைக் கொண்டை. தலைப்பட்டையில் ஐந்து அட்டை இறகுகள். நூலை இழுத்தால் விசிறி மாதிரி விரிய வேண்டும். வெட்டினான். ஒட்டினான். நாலாவது படியில் நின்றுவிட்டது. ஐந்து இறகின் நுனித் துளைகளிலும் ஒரே நூலைக் கோக்க வேண்டும். கையுறைக்குள் நூல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு தரம் நழுவியது.

"என்ன சத்தத்தையே காணோம்?"

வரவில்லை என்று சொன்னால் எழுந்து உட்காரப் பார்ப்பாள். பென்சில் கேட்பாள். காலையில் தண்ணீர் டம்ளரையே அவளால் பிடிக்க முடியவில்லை. அவன் கட்டிலுக்குக் கீழே கையை இறக்கி, கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் கோத்து, திரும்ப மாட்டிக்கொண்டான்.

"வந்துடுச்சு" என்றான்.

"நெஜமாவா? முதல் தடவையிலயா?"

"ஆமா. சுலபம்தான்."

"அடேயப்பா! மரக்கைக்கு என்ன ஆச்சு இன்னைக்கு!"

சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "அப்ப என் வேலை முடிஞ்சுது" என்று கண்ணை மூடினாள். நாலு மணிக்கு அடுக்களையிலிருந்து அவள் தங்கை கஞ்சி கொண்டுவந்தபோது அவள் உயிரோடு இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் டீச்சர் வந்தார். வெகு நேரம் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இப்ப இதைக் கேக்கவே எனக்குச் சங்கடமா இருக்கு சார். திங்கக்கிழமை பிள்ளைங்க வந்துடும். அக்கா கொண்டையை முடிச்சுட்டாங்கன்னு தங்கச்சி சொன்னாங்க..."

"முடியல டீச்சர். நாலாவது படி வராது."

"அக்கா சரின்னு சொன்னதா..."

"நான் ஏமாத்திட்டேன். கையுறையைக் கழட்டிட்டுக் கோத்தேன். அவளுக்குத் தெரியாது."

"பரவால்ல சார், விடுங்க. பெரியவங்க நாங்க நாலு பேர் கூட நின்னு கோத்துக் குடுத்துடறோம்."

"அப்ப அது யார் பண்ணின கொண்டை? வீட்டுக்குப் போய் நான் பண்ணேன்னு அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்?" சத்தம் கூடிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் பேச்சு என்று அவனுக்கே உறைத்தது. "நாளைக்குக் காலையில வாங்க, டீச்சர். குடுத்துடறேன்."

கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டான். எப்படி? சொதப்பத் தெரியுமே தவிர, சொதப்பியதைத் திருத்தத் தெரியாது. கையுறையை மாட்டிக்கொண்டு அவள் மேஜையில் உட்கார்ந்தான். நூல் நழுவியது. துளையைப் பெரிதாக்கினான்; இறகு கிழிந்தது. நூலுக்குப் பதில் நாடா. அது துளைக்குள் நுழையவே இல்லை. ஆறாவது இறகோ ஏழாவதோ கசங்கியபோது அட்டையை ஓங்கி மேஜைமேல் அடித்தான்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? இங்க தப்பாப் போகுது பாரு. வந்து பாரேன்!"

அழுகை வந்தது. பேருந்தில் கூட்டம் முட்டும்போதும் பதறாதவன் ஏங்கி ஏங்கி அழுதான். அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் விழித்திருப்பாளோ? பென்சில் கேட்டிருப்பாளோ? அதட்டியாவது இருப்பாளே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கிழிந்த இறகை எடுத்தான். துளையிலிருந்து ஓரம் வரை பிளந்திருந்தது. நூல் அந்தப் பிளவில் தானாக விழுந்து உட்கார்ந்தது. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு புதிய இறகு ஐந்து வெட்டினான். துளையே போடவில்லை. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, அதில் நூலைப் பதித்தான், மேலே ஒரு துண்டுத் தாளை ஒட்டினான். ஐந்துக்கும் அப்படியே. கையுறையோடு. கழற்றவே இல்லை.

தலைப்பட்டையைத் தலையில் மாட்டி நூலை இழுத்தான். படபடவென்று விரிந்தது.

"ஏய்! வந்துடுச்சு! இந்தத் தடவை நெஜமாவே..."

படுக்கையறை வாசலுக்கு வந்துவிட்டான். மெத்தை வெறுமையாய்க் கிடந்தது. துவைத்துக் காய்ந்த விரிப்புகளைக் கட்டிலோரம் நின்று மச்சினி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக இருந்தது பெரிய விரிப்பு. ஒருத்தியாக மடிக்க வரவில்லை. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தபடியே நின்றான்.



"இந்தாங்க மாமா" என்று விரிப்பின் மறுமுனையை நீட்டினாள்.

அவன் கையுறைகளைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு இரண்டு மூலைகளையும் பிடித்தான். பின்னால் நகர்ந்து இழுத்து நீவினார்கள். பாதியாய் மடித்தார்கள். அவன் மூலைகளை எடுத்துக்கொண்டு அவளருகே போனான், கொடுத்தான், தொங்கிய மடிப்பைக் குனிந்து எடுத்தான். தலையில் கொண்டை முழுசாக விரிந்திருந்தது.