லிஃப்டை விற்பதற்கு முன் லடினா கேட்டது

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட வேண்டாம்.

முதல் வரி இப்படி இருந்தது: பனி தங்காத ஐந்தாவது டிசம்பரில், கியோன் என்ற குடிகாரன் தன் மனைவியை விட்டுவிட்டு

(அடித்துவிட்டேன். கியோன் குடிப்பதில்லை. பனிச்சறுக்க வருபவர்களைக் கம்பிவடத்தில் மலைச்சரிவின் உச்சிக்கு ஏற்றிவிடும் எங்கள் ஊர் லிஃப்டை இருபது வருடம் ஓட்டியவன். சரிவில் பனி தங்காமல் போனதும் ஐந்து மணிநேரம் தள்ளியிருக்கும் உயரமான ஊருக்கு வேலைக்குப் போனான், அவ்வளவுதான். அவனைக் கெட்டவனாக்கினால் எனக்கு வசதி.)

2

லடினா அவன் மனைவி. ஊரில் மிச்சமிருக்கும் ஒரே விடுதி அவளுடையது. அங்கே பதினேழு வருடமாக நான் சமையல்காரன்.

லிஃப்டைக் கழற்றி விற்கலாமா என்று வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். அரசாங்கம் அனுப்பிய ஆலோசகர் ரெகுலா போன வாரம் பள்ளிக்கூட ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"பனியை இனிமே விக்க முடியாதுங்க. குளிர்ச்சியை விக்கலாம். ஜூலையில கீழ நகரத்துல ஜனங்க வெந்து போறாங்க, நீங்க இங்க போர்வை போத்திக்கிட்டுத் தூங்கறீங்க. லிஃப்டை வித்துட்டு காட்டுப் பாதையைச் சரிபண்ணுங்க."

"அப்ப குளிர்காலத்துல?" என்றார் தச்சர் டூரி. "ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"இப்ப மட்டும் என்ன பண்றீங்க?"

ஹாலே சிரித்தது. டூரியும்தான்.

ரெகுலா சொல்வது சரி. இன்னும் இரண்டு குளிர்காலம் இப்படிப் போனால் விடுதியை மூட வேண்டியதுதான். ஆனால் கியோன் கிளம்பும்போது, "லிஃப்ட் ஓடற அன்னைக்கு வந்துடறேன் லடினா" என்று சொல்லிவிட்டுப் போனான். லிஃப்ட் போனால் அந்த வார்த்தையும் போகும். விடுதியா, அவன் வருவான் என்ற நம்பிக்கையா? கதை இதுதான்.

3

(இது அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. கூட்டத்தில் சுவரோரம் தனி நாற்காலி. போன வருடம் ரொட்டிக்கடை விவகாரத்தில் உணர்ச்சிவசப்பட்டுக் கையைத் தூக்கிவிட்டேன். மொத்தத்தையும் மறுபடி எண்ணினார்கள். "சமையல்காரரே, அந்தக் கை கரண்டிக்கு மட்டும்தான்!" என்றார் டூரி. இன்னும் விடவில்லை.)

4

ஒரு முடிவு: லடினா கையைத் தூக்குகிறாள். லிஃப்ட் போகிறது, கோடையில் விடுதி நிரம்புகிறது. ஒரு மாலை அவள் சமையலறைக்கு வந்து என்

(வெட்கமாக இருக்கிறது, நிறுத்திக்கொள்கிறேன்.)

இன்னொன்று: அவள் தூக்கவில்லை. ஜனவரியில் இடுப்பளவு பனி. கியோன் பேருந்திலிருந்து இறங்குகிறான். (பனி பெய்ய வைக்க எனக்கு ஒரு வரி போதும். மலைக்கு அது போதாது.)

5

நேற்றுக் காலை பார்லி சூப் கிளறிக்கொண்டிருந்தேன். லடினா வந்து நின்றாள்.

"உனக்கு ஓட்டு இருந்தா எந்தப் பக்கம் தூக்குவ?"

"எனக்குத்தான் இல்லையே."

"இருந்தான்னுதான கேக்கறேன்?"

'வித்துடுங்க' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அது விடுதிக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில் என்பதுதான் என் கஷ்டம்.

"உப்பு பாருங்க" என்று கரண்டியை நீட்டினேன்.

ருசி பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே சரிவைப் பார்த்தாள். பச்சையாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான்ல, அங்க பனி இருக்கான்னுதான் மொதல்ல கேப்பான். நான் எப்படி இருக்கேன்னு அப்புறம்தான்."

6

நாளை கூட்டம். முடிவை நான் எழுதப் போவதில்லை. எனக்கு அவள் வேண்டும், அவளுக்கு அவன் வேண்டும். இந்த நிலையில் இருப்பவன் எழுதும் முடிவு கள்ள ஓட்டு மாதிரிதான்.

நீங்கள் எழுதுங்கள். கியோனை வரவழையுங்கள், வரவிடாமல் செய்யுங்கள், உங்கள் விருப்பம். ஹாலிலிருந்து விடுதிக்குப் பன்னிரண்டு நிமிட ஏற்றம். எப்படி முடித்தாலும், அந்த வழியில் அவளைத் தனியாக ஏறவிடாதீர்கள்.